ராணுவச் சரக்கு விமானங்கள் கணக்குப் போட்டுத்தான் பறக்கின்றனவா?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் செயல்முறை ஆராய்ச்சி படித்தவர். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "நேரிய திட்டமிடல் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த திட்டத்தைத் தேடும் கணித முறை) அமெரிக்க விமானப்படைக்காகவே பிறந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் ராணுவச் சரக்கு விமானங்கள் இன்றும் அந்தக் கணக்கின்படிதான் பறக்கின்றனவா? இவ்வளவு வேகமான கணினிகள் வந்துவிட்ட பிறகு, சிறந்த திட்டத்தைக் கண்டுபிடிப்பது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே?"

பார்க்க இரண்டு கேள்விகள் போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தத் துறையில் கணிதம் உண்மையில் எதைத் தருகிறது? நான் பல வருடங்களாகப் பயணிகள், சரக்கு விமான நிறுவனங்களுக்கு விமான ஒதுக்கீட்டு மாதிரிகளைக் கட்டிவருகிறேன். ராணுவத் திட்டமிடல் அறையில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுக் கட்டுரைகளையும், அமெரிக்க விமானப்படை பொதுவில் வைத்திருக்கும் திட்டமிடல் கையேட்டையும் வைத்துத்தான். கணக்கின் எலும்புக்கூடு இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதால் அதைப் பற்றித் தயங்காமல் பேச முடியும்.

முதலில் வரலாறு. அதில் உறுதியானதும் தவறாகப் பரவியதும் கலந்து கிடக்கின்றன. கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல், நேரிய திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியபோது பென்டகனில் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். ஆட்கள், பயிற்சி, தளவாடங்கள் எல்லாவற்றையும் காலவரிசைப்படி திட்டமிடுவதைக் கணிப்பொறிக்கு ஏற்றபடி எழுத முடியுமா என்று பார்த்த திட்டம் அது. 'ஸ்கூப்' என்று பெயர். 1949-இல் மார்ஷல் வுட்டும் அவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் விளக்க உதாரணமாக எடுத்துக்கொண்டது, சோவியத் தரப்பு தரைவழிகளை அடைத்தபோது மேற்கு பெர்லினுக்கு வான்வழியே பொருள் அனுப்பிய நடவடிக்கையை. இதுவரை உறுதி. இதை வைத்து 'பெர்லின் விமானங்களை ஓட்டியதே சிம்ப்ளெக்ஸ்தான்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1947-இல் இந்த முறையைச் சோதிக்க எடுத்த, குறைந்த செலவில் சத்தான உணவைத் தேர்ந்தெடுக்கும் பொருளியலாளர் ஸ்டிக்லரின் கணக்கில் 9 கட்டுப்பாடுகளும் 77 மாறிகளும்தான் இருந்தன. மேசைக் கணிப்பான்களை வைத்து அதைத் தீர்க்கவே சுமார் 120 ஆள்-நாட்கள் ஆயின. நாளுக்கு நாள் வானிலை மாறும் இடத்தில் அந்த வேகம் எதற்கும் உதவாது.

ஆனால் பெர்லினில் நடந்ததைக் கணக்குக் கண்ணோடு பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். 1948 ஜூலை இறுதியில் அமெரிக்க விமானப்படைத் தளபதி வில்லியம் டன்னர் அந்த நடவடிக்கைக்குப் பொறுப்பேற்றார். ஆகஸ்ட் 13 அன்று மேகம் மிகத் தாழ்ந்து, பலத்த மழை. பெர்லினுக்கு மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்துக் காத்துக்கிடந்தன, கீழே விபத்துகள். அதற்கப்புறம் அவர் வைத்த விதி: முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் மறுபடி வட்டமடிக்கக் கூடாது, சரக்கோடு கிளம்பிய தளத்துக்கே திரும்ப வேண்டும். மூன்று வான்வழிப் பாதைகளில் வடக்கும் தெற்கும் உள்ளே வர, நடுப்பாதை வெளியே போக. விமானங்களுக்கு இடையே 3 நிமிடம்.

3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஓர் ஓடுபாதையில் 24 மணி நேரத்தில் 480 விமானங்கள் இறங்கலாம். அவ்வளவும் ஏறக்குறைய 3 டன் தூக்கும் சி-47 ஆக இருந்தால் 1,440 டன். சுமார் 10 டன் தூக்கும் சி-54 ஆக இருந்தால் 4,800 டன். தொடக்கத்தில் நகரத்துக்குத் தேவை என்று கணித்தது நாளைக்கு 4,500 டன். சி-47-களை விலக்கிவிட்டு உலகின் பல மூலைகளிலிருந்து சி-54-களைக் கொண்டுவந்ததன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்கில் அப்பட்டமாகத் தெரிகிறது. தட்டுப்பாடு விமானத்தில் இல்லை, இறங்கும் நேரத்துண்டில் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் அதிகபட்ச டன்னைப் பொருத்த வேண்டியிருந்தது. 1949 ஏப்ரல் 15-16-இல் 24 மணி நேரத்தில் 1,398 முறை பறந்து 12,941 டன் இறக்கினார்கள். மொத்த வேலையையும் இறுக்கிப் பிடிக்கும் கட்டுப்பாடு எது என்று ஒருவர் சரியாகக் கண்டுகொண்டதன் பலன் அது. உகப்பாக்கத்தின், அதாவது சிறந்த விடையைத் தேடும் கணக்கின், உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். பாடப்புத்தகப் போக்குவரத்துக் கணக்கில் சில கிடங்குகள், சில சந்தைகள், நடுவே செலவு அட்டவணை. ராணுவ வான்போக்குவரத்தில் உள்ளீடாக வருவது ஒரு நீண்ட பட்டியல்: எந்தப் படைப்பிரிவு, எத்தனை டன், என்ன வகைச் சரக்கு, எங்கே எந்த நாளில் தயாராகும், எங்கே எந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சரக்கின் வகை மிக முக்கியம். 2.24 மீட்டருக்கு 2.74 மீட்டர் அளவுள்ள நிலையான தட்டில் அடுக்கக்கூடியதை எதில் வேண்டுமானாலும் ஏற்றலாம். தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்த பயணிகள் நிறுவன விமானங்களிலும் ஏற்றலாம். வண்டிகளுக்கு அகலமான கதவும் சாய்தளமும் வேண்டும். எம்-1 டாங்கி போன்றவற்றுக்கு சி-17, சி-5 என்ற இரண்டு பெரிய சரக்கு விமானங்களை விட்டால் அமெரிக்கப் படையில் வேறு வழியில்லை. சி-17-இல் ஒன்று, சி-5-இல் இரண்டு. ஆக 'டன்' என்று ஒரே எண்ணால் எல்லாச் சரக்கையும் அளந்த உடனேயே மாதிரி பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

விமானத்தின் கொள்ளளவும் அப்படித்தான். சி-17-இன் உச்ச சுமை 85 அமெரிக்க டன். ஆனால் திட்டமிடல் கையேடு அதற்கு எடுத்துக்கொள்ளும் சராசரி 45 டன். ஏன் ஏறக்குறையப் பாதி? பல சரக்குகளில் எடை நிறைவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும். தூரம் கூடக்கூட எரிபொருளின் எடை சரக்கின் எடையைத் தின்னும். உச்ச எண்ணை எடுத்துப் பெருக்கிப் பார்த்து 'இத்தனை விமானம் போதும்' என்று இணையத்தில் எழுதப்படும் கணக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

மாறிகள் என்று பார்த்தால்: இந்த நாளில், இந்த வகை விமானம், இந்தப் பாதையில், இந்தச் சரக்கோடு எத்தனை முறை கிளம்ப வேண்டும். கட்டுப்பாடுகள்: ஓர் இடத்துக்கு வந்த விமானம்தான் அங்கிருந்து கிளம்ப முடியும், விமானிகளின் பணிநேர வரம்பு, ஒரு விமானம் சராசரியாக ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்ற வரம்பு. இவை சிவில் துறையிலும் உண்டு. ராணுவக் கணக்கை வேறு மாதிரி ஆக்குவது இடைத்தளங்களின் தரை. ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை விமானங்களை நிறுத்தி வேலை பார்க்க முடியும் என்ற எண்ணுக்கு அந்தத் துறையில் 'மாக்' என்று பெயர். நிறுத்த இடம் இருப்பது ஒன்று. எரிபொருள் குழாய், சரக்கு இறக்கும் வண்டி, இரவு ஷிப்ட் ஆட்கள் இருந்து வேலை நடப்பது வேறொன்று. இரண்டாவது எண் எப்போதும் முதலாவதைவிடச் சிறியதாகவோ சமமாகவோதான் இருக்கும். மாதிரியில் போட வேண்டியது அதைத்தான்.

கையேட்டில் இருக்கும் சூத்திரம் எளிமையானது. ஒரு தளத்தில் 3 விமானங்களுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், ஒவ்வொன்றும் தரையில் 2 மணி 15 நிமிடம் நிற்கும், தளம் 24 மணி நேரமும் இயங்கும் என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 2.25-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 32. விமானங்கள் சீரான இடைவெளியில் வராது என்பதால் கையேடு 0.85 என்ற ஒரு குணகத்தால் குறைக்கிறது: 27.2. சராசரி 45 டன் என்றால் நாளைக்கு 1,224 டன். இப்போது சரக்கு இறக்கும் வண்டி ஒன்று பழுதாகி, தரையில் நிற்கும் நேரம் 3 மணி ஆகிறது. அதே கணக்கில் 20.4 விமானங்கள், 918 டன். ஒரு வண்டி பழுதானதில் ஒரு நாளைக்கு 306 டன் போயிற்று. ஏறக்குறைய ஏழு சி-17 சுமை. இந்தத் தளம்தான் பாதையின் கழுத்து என்றால், எங்கிருந்தோ பத்து விமானங்களைக் கூடுதலாகக் கொண்டுவந்தாலும் ஒரு டன்கூட அதிகமாகாது. வரிசை மட்டும் நீளும்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. 1973 அக்டோபர் போரில் அமெரிக்கா இஸ்ரேலுக்குப் பொருள் அனுப்பியபோது ஐரோப்பிய நாடுகள் பலவும் தங்கள் தளங்களைத் தர மறுத்தன. அட்லாண்டிக் நடுவே அசோர்ஸ் தீவில் இருக்கும் லாஜெஸ் தளம் ஒன்றை நம்பியே 567 பயணங்கள் நடந்தன, 22,000 டன்னுக்கு மேல் போனது. அன்று சி-141 சரக்கு விமானங்களுக்கு வானில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லை, இடையில் இறங்கியே ஆக வேண்டும். பின்னால் அவற்றை நீட்டித்து அந்த வசதியையும் சேர்த்தார்கள். அண்மைக்காலத்தில் 2021 ஆகஸ்ட், ஆப்கானிஸ்தானின் காபூலில் இருந்து மக்களை வெளியேற்றிய நாட்கள். ஆகஸ்ட் 20 அன்று காபூலில் இருந்து கிளம்புவது சில மணி நேரம் நின்றுபோனது. காபூலில் விமானமும் இருந்தது, ஓடுபாதையும் இருந்தது. கத்தாரில் அல் உதெய்த் தளம் நிரம்பிவிட்டது. வந்து இறங்கியவர்களை அடுத்த இடத்துக்கு அனுப்பும் வேகம் போதவில்லை. இரண்டு நாள் கழித்து அமெரிக்கா 18 சிவில் விமானங்களை அழைத்தது. அவற்றின் வேலை காபூலுக்குப் போவது இல்லை, இடைத்தளங்களில் சேர்ந்துவிட்டவர்களை முன்னே கொண்டுபோவது. கழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே கொள்ளளவைச் சேர்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கேதான் நேரிய திட்டமிடல் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. நீங்கள் பாடத்தில் இருமைக் கணக்கை (ஒரு நேரிய திட்டத்தோடு இணையாக வரும் 'டூயல்' கணக்கை) படித்திருப்பீர்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு நிழல் விலை வரும்: அந்தக் கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் குறிக்கோள் எவ்வளவு முன்னேறும் என்ற எண். நூற்றுக்கணக்கான தளங்கள், அறுபது நாள், பல வகை விமானங்கள் உள்ள கணக்கில் எந்தத் தளத்தில் எந்த நாளில் ஒரு நிறுத்துமிடம் எவ்வளவு பெறும் என்பதை மனிதக் கண்ணால் சொல்ல முடியாது. தீர்வோடு அது இலவசமாகக் கிடைக்கிறது. 1990-களில் மான்டெரியில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் ரிச்சர்ட் ரோசென்தால், டேவிட் மார்ட்டன் முதலானோர் கட்டிய மாதிரிகளும், அதே காலத்தில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் கட்டிய மாதிரியும் பின்னால் ஒன்றாக இணைக்கப்பட்டன. எந்த வகை விமானம் எத்தனை வேண்டும், எந்த இடைத்தளத்தை மேம்படுத்துவது லாபம் என்பது போன்ற நீண்டகாலக் கேள்விகளுக்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். இந்த வகைப் பயன் நிரூபணமானது. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நிழல் விலை சிறிய மாற்றத்துக்குத்தான் செல்லும். ஒரு நிறுத்துமிடத்தின் மதிப்பை இருபதால் பெருக்கி ஒரு தளத்தின் மதிப்பு என்று அறிக்கை எழுதக் கூடாது. அதற்குள் கழுத்து வேறு தளத்துக்கு நகர்ந்திருக்கும்.

கணினி வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு காலத்தில் அது நிஜமான தடைதான். 1984-இல் பெல் ஆய்வகத்தில் நரேந்திர கர்மார்க்கர், நேரிய திட்டமிடலைத் தீர்க்கும் இன்னொரு வழியான உள்புள்ளி முறையை வெளியிட்ட பிறகு, அதை வைத்து 'கோர்பெக்ஸ்' என்ற கணினி அமைப்பை அந்த நிறுவனத்தார் விற்றார்கள். அதைச் சோதித்துப் பார்த்து 1990-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்கொண்டதும் ராணுவ வான்போக்குவரத்துக் கணக்குகளையே. இன்று அந்த அளவுக் கணக்குகள் சாதாரண மடிக்கணினியில் தீரும். முழு எண் நிபந்தனை சேர்ந்தால் கடினம் கூடும்: நீண்டகால ஆய்வில் 'செவ்வாய்க்கிழமை 3.4 விமானம்' என்று வந்தால் பரவாயில்லை, நாளைய அட்டவணையில் அப்படி எழுத முடியாது. ஆனாலும் இன்றைய சால்வர்கள் (இந்தக் கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள்கள்) அதையும் பெரும்பாலும் சமாளித்துவிடும். பொத்தான் வேலை செய்யும். எதை நோக்கி அழுத்துவது என்பதுதான் கடினமான பகுதி.

எதை அதிகமாக்குவது, எதைக் குறைப்பது என்று மாதிரிக்குச் சொல்லும் குறிக்கோள் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'மொத்த டன்னை அதிகப்படுத்து' என்று எழுதினால் மாதிரி அடர்த்தியான, அடுக்க எளிதான, அருகில் இருக்கும் சரக்கை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு போகும். வெடிபொருள் பெட்டிகளும் தண்ணீரும் குவியும். இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருக்கும் ஹெலிகாப்டரும், கள மருத்துவமனையின் கருவிகளும் கடைசிவரை கிளம்பிய இடத்திலேயே கிடக்கும். டன் கணக்கில் அருமையான திட்டம், களத்தில் பயனற்ற திட்டம். அதனால் நடைமுறை மாதிரிகள் தாமதத்துக்கும் போய்ச் சேராததற்கும் தண்டப் புள்ளி வைத்து அதைக் குறைக்கப் பார்க்கின்றன. அப்போது அடுத்த கேள்வி வருகிறது: ரேடார் இரண்டு நாள் தாமதமாவதும் ஒரு காலாட்படைக் கம்பெனி ஒரு நாள் தாமதமாவதும் சமமா? அந்த எடையைக் கணிதம் தராது. தளபதியின் தீர்மானத்தில் இருந்துதான் வர வேண்டும். பெரும்பாலான தளபதிகள் அதை எண்ணாகச் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. இதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, வேறு வேறு எடைகளோடு மூன்று நான்கு திட்டங்களைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் எது முதலில் வருகிறது, எது பின்தங்குகிறது என்பதைப் பெயரோடு எழுதிக் காட்டுவது. சிவில் சரக்கிலும் இதையேதான் செய்கிறோம். எண்ணைக் கேட்டால் தயங்குகிறவர்கள், இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அறுபது நாள் கணக்கை ஒரே நேரிய திட்டமாக எழுதினால், மாதிரிக்கு நாற்பதாம் நாளில் என்ன நடக்கும் என்பது முதல் நாளே தெரியும். எந்த விமானமும் பழுதாகாது, எந்த நாடும் வான்வழி அனுமதியைத் திரும்பப் பெறாது, பட்டியல் மாறாது. நிஜத்தில் 1990 ஆகஸ்டில் சவூதிக்குப் படைகளை அனுப்பத் தொடங்கியபோது, எந்தப் பிரிவு எப்போது என்ற விரிவான பட்டியலே முழுமையாகத் தயாராக இருக்கவில்லை. தேவை நாளுக்கு நாள் மாறியது. அதனால் முழு உகப்பாக்க மாதிரி தரும் விடையை உச்சவரம்பாகப் படிக்க வேண்டும்: இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்பதற்கு அது சான்று, இவ்வளவு செய்துவிடலாம் என்பதற்கு அல்ல. நிச்சயமின்மையை யாரும் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தேவை நிச்சயமில்லாதபோது விமானங்களைப் பாதைகளுக்கு ஒதுக்குவது பற்றி ஆலன் பெர்குசனும் டான்ட்சிக்கும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். மறுபக்கம் சிமுலேஷன்: பழுது, வானிலை, வரிசை எல்லாவற்றையும் நம்பும்படி நடித்துக் காட்டும், ஆனால் அதன் முடிவெடுக்கும் விதிகள் கிடைக்கும் முதல் விமானத்தை எடுத்து ஒட்டுவது போல எளிமையாகவே இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கட்ட வாரன் பவல் குழு பிரின்ஸ்டனில் முயன்றது. நாளுக்கு நாள் முன்னேறும் சிமுலேஷன், ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய உகப்பாக்கம், எதிர்காலத்துக்கு ஒரு தோராய மதிப்பு. எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது. அந்தத் தோராய மதிப்பு இதுவரை பார்த்திராத ஒரு நெருக்கடியில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது எனக்கு இன்னும் சந்தேகமே.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய இன்னொன்று, 'உகப்பாக்கத்தால் இத்தனை சதவீதம் மிச்சம்' என்ற வாக்கியங்கள். எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். பழைய கைத்திட்டத்தோடு ஒப்பிட்டிருந்தால், அந்த மிச்சத்தில் பாதி தரவைச் சுத்தம் செய்ததாலேயே வந்திருக்கலாம். அல் உதெய்த்தில் வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களை ஒரு பெரிய வெள்ளைப்பலகையில் கையால் எழுதித் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். 2016 வாக்கில் அதைப் பார்த்தவர்கள் 'ஜிக்சா' என்ற மென்பொருளை எழுதிக் கொடுத்தார்கள். எரிபொருளும் நேரமும் மிச்சமாயின. அதில் பெரும்பங்கு, ஓர் இடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களில் என்ன செய்கிறது என்பதை உடனே காட்டியதால் வந்தது என்பது என் கணிப்பு. முரண்பாடில்லாத திட்டம் கைக்கு வருவதே பெரிய முன்னேற்றம். சிறந்த திட்டம் அதற்கு அடுத்த படி.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்பதில்: எத்தனை விமானம் வாங்குவது, எந்தத் தளத்தை வளர்ப்பது, கையில் இருக்கும் போர்த்திட்டம் போக்குவரத்து அளவில் சாத்தியமா என்ற கேள்விகளில் கணிதம் அடித்தளம். நாளைக் காலை எந்த விமானம் எங்கே போக வேண்டும் என்பதில் அது ஒரு ஆலோசகர். முடிவு கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மனிதரிடம். வான்வழி அனுமதி நள்ளிரவில் ரத்தானால் அவர் தொலைபேசியை எடுக்கிறார். அதன்பிறகுதான் மாதிரிக்குப் புதிய தரவு போகும்.

இதை நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பெரிய மென்பொருள் வேண்டாம். இரண்டு கிளம்பும் தளங்கள், இரண்டு இடைத்தளங்கள், ஒரு சேரும் தளம், ஐந்து நாள், இரண்டு வகை விமானம், இரண்டு வகைச் சரக்கு. எந்த இலவச சால்வரிலும் ஒரு மாலையில் எழுதிவிடலாம். முதலில் தளங்களுக்கு வரம்பே வைக்காமல் தீர்த்துப் பாருங்கள். அப்புறம் இடைத்தளங்களுக்கு மேலே சொன்ன தரைக் கணக்கின்படி வரம்பு வையுங்கள். நிழல் விலைகளை நாள்வாரியாக அச்சிடுங்கள். பிறகு மூன்றாம் நாளில் ஓர் இடைத்தளத்தை மூடிவிட்டு, முதல் இரண்டு நாள் முடிவுகளை மாற்ற முடியாதபடி நிலைநிறுத்தி மறுபடி தீருங்கள். மூடப்போவது முன்பே தெரிந்த மாதிரிக்கும் தெரியாத மாதிரிக்கும் இடையே எத்தனை டன் வித்தியாசம் என்று பாருங்கள். அந்த எண்ணோடு வாருங்கள், அங்கிருந்து மேலே பேசலாம்.